என்னைக் கேட்டால்…

(மருங்காபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கருத்துச் சொல்வதைப் பற்றிப் பேச மருங்காபுரியைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. இந்த ஊர் ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி 1920களின் இறுதியில் திருக்குறளுக்கு உரை எழுதி அச்சேற்றினார். ‘திருக்குறள் தீபாலங்காரம்’ என்று அதற்குப் பெயர். குறளுக்கு உரை கண்ட பெண்களில் முதல்வர் என்று அவரைச் சொல்கிறார்கள். பழைய உரைகாரர் பதின்மர் பட்டியலை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள்: தருமர், மணக்குடவர், தாமத்தர், நச்சர், பரிதி, பரிமேலழகர், திருமலையர், மல்லர், பரிப்பெருமாள், காளிங்கர். பத்துப் பேரும் ஆண்கள். அந்த வரிசையின் தொடர்ச்சியில் ஒரு பெண் பெயர் வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. உரை எழுதுவதென்றால் சும்மா பொருள் சொல்வதில்லை. பரிமேலழகர் ஒன்று சொல்லியிருக்க, அவரை வைத்துக்கொண்டே ‘நான் இப்படிக் கொள்கிறேன்’ என்று எழுதுவது. அதற்குப் படிப்பு வேண்டும். படிப்பைவிட, சொல்லலாம் என்கிற இடம் வேண்டும். அந்த இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாம் கருத்துச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னத் தொடரைப் போட்டுக்கொள்கிறோம். ‘என்னைக் கேட்டால்’, ‘எனக்கென்னவோ’, ‘என்னைப் பொறுத்தவரை’, ‘என் தனிப்பட்ட கருத்து’. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்குவது ‘ஐ திங்க்’. கொஞ்சம் விறைப்பாக வேண்டுமென்றால் ‘இன் மை ஒப்பீனியன்’. செல்பேசியில் தட்டுகிறவர்கள் ‘ஐஎம்ஹெச்ஓ’ என்று நான்கே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். என் தாழ்மையான கருத்து என்பது அதன் விரிவு. அதைப் போட்டுவிட்டு அடுத்து அவர்கள் எழுதுவதில் தாழ்மையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தொடர்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ந்தவர்கள் உண்டு. போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வியெஸ்பிட்ஸ்கா 2006-இல் ‘இங்கிலீஷ்: மீனிங் அண்ட் கல்ச்சர்’ என்றொரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் ‘ஐ திங்க்’, ‘ஐ கெஸ்’, ‘ஐ சப்போஸ்’ என்று இந்த வகைத் தொடர்கள் இவ்வளவு பெருகிக் கிடப்பது தற்செயல் இல்லை என்பது அவர் வாதம். எனக்குத் தெரிந்தது வேறு, நான் எண்ணுவது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிற ஒழுக்கம், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் போன்றோர் எழுதியதிலிருந்து அந்தச் சமூகத்தின் பேச்சுக்குள் இறங்கிவிட்டது என்கிறார். மனித அறிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்று அளந்து பார்த்தவர் லாக். அந்த அளவுகோல் கடைத்தெருப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நியூசிலாந்தின் ஜேனட் ஹோம்ஸ் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். ‘ஐ திங்க்’ தயக்கத்துக்கும் வருகிறது, அழுத்தத்துக்கும் வருகிறது. குரலைக் கேட்காமல் எது எது என்று சொல்ல முடியாது. ‘மழை வரும்னு நினைக்கிறேன்’ என்பதில் சந்தேகம் இருக்கிறது. ஒரு மேலாளர் ஊழியரைப் பார்த்து ‘நீங்க கிளம்புறது நல்லதுன்னு நினைக்கிறேன்’ என்று சொன்னால் அதில் என்ன சந்தேகம் இருக்கிறது? கதவைத் திறந்துவிட்டாயிற்று. பெண்கள் இத்தகைய தொடர்களைத் தயக்கத்தினால்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் ராபின் லேக்காஃப் 1975-இல் எழுதியிருந்தார். ஹோம்ஸ் திரட்டிய உரையாடல்களில் பெண்கள் அழுத்தத்துக்கே பல இடங்களில் ‘ஐ திங்க்’ போட்டிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அடுப்படிக்குப் போகும்போது தேவைப்படும்.

ஆக, ஆங்கிலத்தில் அந்தத் தொடர் பெரும்பாலும் ‘இது எவ்வளவு உறுதி’ என்பதைச் சொல்கிறது. தமிழில் அதே வேலையைச் செய்யும் தொடர்கள் வேறொன்றைச் சொல்கின்றன என்பது என் கட்சி. யார் முன்னால் யார் பேசுகிறார் என்பதை.

பழைய நூல்களிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘என்ப’ வந்துவிடுகிறது. சொல்லதிகாரத்தைத் திறந்தால் முதல் வரியில் ‘என்மனார்’. எழுத்து முப்பது என்று சொல்வதற்கு யாருடைய சாட்சியும் வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனாலும் ஆசிரியர் தம்மை முன்னே நிறுத்தாமல், ‘அப்படிச் சொல்வார்கள்’ என்று முன்னோரைக் கைகாட்டுகிறார். ஐயமாகச் சொல்ல வேண்டுமானால் மொழியில் வழி இல்லாமல் இல்லை. ‘கொல்’ என்கிற இடைச்சொல் ஐயத்துக்கு உரியது என்று இடையியல் சொல்கிறது; தெளிவாகத் தேற்றிச் சொல்ல ஏகாரம் இருக்கிறது. இவ்வளவு கருவி கையில் இருந்தும் ‘நான் நினைக்கிறேன்’ என்று ஒரு வாய்பாட்டை நம் இலக்கண ஆசிரியர்கள் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

வள்ளுவரும் ‘என்ப’ என்பதைத் தாராளமாகப் புழங்குகிறவர்தான். ஆனால் காமத்துப்பாலின் தலைவன் தலைவி கூற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் ‘யாம்’ என்று தம்மையே முன்னிறுத்தும் இடங்கள் சில உண்டு. மக்கட்பேற்றைவிடச் சிறந்த பேறு எதையும் தாம் அறியவில்லை என்கிறார். தாம் கண்டவற்றுள் வாய்மையைவிட நல்லது வேறில்லை என்கிறார். பிறகு பொருட்பாலின் கடைசி அதிகாரத்தில், கயவர்கள் மனிதர்களைப் போலவே இருக்கிறார்களே, இப்படியொரு ஒப்புமையைத் தாம் கண்டதில்லை என்கிறார். குழந்தை, உண்மை, கயவன். மனிதருக்கு வாழ்க்கையில் எது எது நேரில் பட்டிருக்கிறது என்று பாருங்கள்! இவற்றுக்கு மட்டும் ஊரார் சாட்சி போதவில்லை, தம் கண்ணே சாட்சி என்று இறங்கிவிட்டார். மூன்றாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. யாரோ ஒருவர் அவரை நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும்.

நன்னூல் இதற்கெல்லாம் ஒரு சட்டமே போட்டு வைத்திருக்கிறது. நூல் எழுதுகிறவன் கொள்ளத்தக்க மதம் ஏழு என்கிறார் பவணந்தியார். மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து. பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஒப்புக்கொண்டு பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி அதையே நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், யாரோடும் சேராமல் தன் கருத்தைத் தனியே கொள்ளலாம். இந்த ஏழில் என் மனத்தைப் பிடித்தது நான்காவது. நாட்டினால் போதாது, நிறுத்த வேண்டும். கம்பத்தை நட்டுவிட்டுப் போய்விட்டால் ஆயிற்றா? உரையாசிரியர்கள் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையரைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் தமக்கு முந்தைய உரையாசிரியரின் கருத்தை எடுத்து வைப்பார், ‘அற்றன்று’ என்பார், உடனே காரணத்தை அடுக்குவார். மனிதருக்கு ‘என் தாழ்மையான கருத்து’ என்று சொல்லத் தெரியாது. பரிமேலழகர் இன்னும் நாசூக்கானவர். தம் பொருளைச் சொல்லி முடித்துவிட்டு, ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று மற்றவரை வாசலில் உட்கார வைத்துவிடுவார். பெரும்பாலும் பெயர் சொல்ல மாட்டார். பெயர் சொல்லாதது மரியாதையா, அலட்சியமா என்று உரையின் தொனியை வைத்து நாமே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கிருந்து வடகிழக்கே ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒரு நடை போய்வருவோம். திருவாய்மொழிக்கு அங்கே வளர்ந்த வியாக்கியானங்களின் பெயர்களே ஒரு கணக்கு. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. இருபத்துநாலாயிரமும் முப்பத்தாறாயிரமுமாக ஏட்டில் ஏறிய அந்தப் பெருங்கடலில் முதலில் கண்ணில் படுவது ஆசிரியர்களின் பெயர்கள். இந்த இடத்துக்கு எம்பார் இப்படிப் பொருள் சொல்வார், பட்டர் இப்படி, நஞ்சீயர் இப்படி. ஒவ்வொருவர் சொன்ன பொருளையும் அவரவர் ‘நிர்வாகம்’ என்றார்கள். பரிமேலழகர் வாசலில் உட்கார வைத்தவர்களை இவர்கள் பெயர் சொல்லிக் கூடத்துக்கு அழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ‘அருளிச்செய்வர்’ என்று வினைமுற்று மரியாதையோடு முடியும். தம் பொருளைச் சொல்கிறவர் ‘அடியேன்’ ஆகிவிடுவார்.

இப்படிப்பட்ட சூழலில் புதிதாகத் தோன்றிய கருத்தை ஒரு மாணவன் எப்படிச் சொல்வான்? குருபரம்பரை நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. நஞ்சீயர் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படியை நன்றாகப் படியெடுக்க ஆள் தேடினார். வரதராசர் என்ற இளைஞரின் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். அவர் ஊர் காவிரிக்கு அக்கரை. ஏட்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார், வெள்ளம். ஏடு போய்விட்டது. ஆசிரியர் எழுதியது ஒரே ஒரு படி. கரையேறியவர் வெற்று ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். எழுதும்போது, சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சேர்த்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தபோது நஞ்சீயர் வாசித்துப் பார்த்தார். இது நாம் எழுதியதுபோலவும் இருக்கிறது, நாம் எழுதாததும் இருக்கிறதே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னார் வரதராசர். ஆசிரியர் கோபிக்கவில்லை, அணைத்துக்கொண்டு ‘நம்பிள்ளை’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அந்த நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்ன காலட்சேபத்தைத்தான் வடக்குத் திருவீதிப்பிள்ளை ஈடு முப்பத்தாறாயிரப்படியாக எழுதிவைத்தார்.

பக்தர்கள் இதைக் குருபக்திக் கதையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு இது கருத்துச் சொல்லும் முறையைப் பற்றிய கதை. அந்த இளைஞர் ‘என் கருத்துப்படி’ என்று எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆசிரியர் உரையை மாணவன் திருத்திய துடுக்குத்தனம் ஆகியிருக்கும். குறியே போடாமல் எழுதினார். படிக்கத் தெரிந்த ஆசிரியர் தையலைக் கண்டுபிடித்துவிட்டார். நல்ல ஆசிரியர் வாய்த்ததால் கதை சுபமாக முடிந்தது. இதே காரியத்தைச் செய்து அடி வாங்கிய மாணவர்களின் கதைகள் குருபரம்பரையில் ஏறியிருக்காது.

இனி மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு வாருங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் என்னைவிட அதிகமாக அறிவீர்கள். விற்கிறவர், வாங்குகிறவர், நடுவில் தரகர். விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை; துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். அதற்கு முன்னால் மாட்டைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா. பிறகு சுழி. வாங்க வந்தவர் தம்மோடு அழைத்துவந்த பெரியவரைப் பார்த்து, “என்னண்ணே, எப்படி?” என்கிறார். பெரியவர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவருகிறார். முதுகில் தட்டுகிறார். “மாடு நல்லாத்தான் இருக்கு. எனக்கென்னமோ அந்த நெத்திச் சுழி ஒண்ணு உறுத்துது. நான் சொல்லக் கூடாது. உங்களுக்குப் புடிச்சிருந்தா முடிங்க.” வியாபாரம் அங்கேயே முறிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தைகூட மாட்டைப் பழிக்கவில்லை. விற்கிறவர் முகத்தைப் பார்த்துச் சண்டைக்கு வர வழியில்லை, ஏனென்றால் குறை மாட்டில் இல்லை, இவர் மனத்தில்தானே இருக்கிறது! ‘எனக்கென்னமோ’ என்பது கேட்பதற்குச் சந்தேகம் போலத்தான் இருக்கும். சந்தையில் அதற்கு மேல் உறுதியான தீர்ப்பு இல்லை.

‘எனக்கு’ என்பதைக் கவனியுங்கள். தமிழில் கருத்து நமக்குத் தோன்றும், படும், உறுத்தும். நாம் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை, அதுவாக வந்து சேரும். அதனால் பழியும் பாதிதான். இதற்கு மேலும் ஒதுங்க வேண்டுமா? ‘ஊர்ல பேசிக்கிறாங்க’ இருக்கிறது. இன்னும் சுருக்கமாக ஓர் ‘ஆம்’ போதும். ‘வந்தானாம், கேட்டானாம்.’ கேள்விப்பட்டதைச் சொல்லவந்த அந்த ஆம், ‘அவரு பெரிய அறிவாளியாம்’ என்னும்போது கருத்தாகவே மாறிவிடுகிறது. அதுவும் ஆளைச் சாய்க்கிற கருத்து.

அடுப்படியில் வேறொரு தொடர் புழங்குகிறது. “எனக்கென்னங்க தெரியும்?” வீட்டில் நிலம் விற்பதைப் பற்றி நாலு ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார்கள். காபித் தம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மாள் ஆரம்பிப்பார்: “எனக்கென்னங்க தெரியும், நான் வீட்டுக்குள்ள கிடக்கிறவ. மேக்கால இருக்கிற நாலு ஏக்கரை வித்துட்டு டவுன்ல வீடு வாங்கினா வாடகை வரும், சரி. அடுத்த வருசம் சின்னவ கல்யாணத்துக்கு எதை விப்பீங்க?” திண்ணையில் சத்தம் அடங்கிவிடும். அவ்வளவு நேரம் ‘என் அபிப்பிராயம் என்னன்னா’ என்று பேசிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். தெரியாது என்ற முன்னுரையோடுதான் அவர் அதைச் சொல்ல முடிந்தது. அது வாயிலில் கட்ட வேண்டிய சுங்கம். ஹோம்ஸின் நாட்டுப் பெண்கள் தயங்கியதாகத் தோன்றிய இடத்தில் அழுத்திச் சொன்னார்கள் என்றேனே, நம் பெண்கள் தெரியாது என்று சொல்லியே அழுத்தியிருக்கிறார்கள். இலட்சுமி அம்மணிக்கு ஜமீன் இருந்தது, தமிழ்ப் புலமை இருந்தது, அச்சிட வசதி இருந்தது. சுங்கம் கட்டாமல் உரை எழுத முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மேடையும் பத்திரிகையும் வந்தபோது இந்தத் தொடர்கள் இடம் மாறின. ‘என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்’ வக்கீல்கள் வழியாகவும் ஆங்கிலம் படித்த தலைவர்கள் வழியாகவும் வந்த சரக்கு. மேடையில் அதைத் தலைகீழாகப் புரட்டியவர் பெரியார். திருச்சிக்காரர்களுக்குப் புத்தூர்ப் பெரியார் மாளிகையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தது. இதற்கு முன்னால் பேச்சாளர் தன்னைத் தாழ்த்திக்கொள்வார், கேட்பவர் அப்படியே ஏற்பார். இவரோ தன்னைத் தாழ்த்தவில்லை, கேட்பவனை உயர்த்திவிட்டார். முன்னோர் ‘என்ப’ என்று சொல்லி வைத்ததையெல்லாம் கேள்வி கேட்கவந்தவர் வேறெப்படிப் பேசியிருக்க முடியும்?

இப்போதைய அரசியலுக்கு வந்தால் எனக்கு அலுப்புத்தான். ஒருவர் ஏடாகூடமாக எதையாவது பேசிவிடுகிறார். மறுநாள் கட்சி அறிக்கை: ‘அது அவரது தனிப்பட்ட கருத்து.’ எல்லாக் கட்சிக்கும் பொதுவான வாசகம் இது. எதிர்ப்பு வராவிட்டால் அதே பேச்சு கட்சிக்கொள்கையாக இருந்திருக்கும். பத்திரிகைகளும் ‘கட்டுரையில் உள்ள கருத்துகள் கட்டுரையாளருடையவை’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்கின்றன. சட்டம் இந்த மந்திரத்துக்கு மயங்குவதில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவில் அவதூறுக்குப் பத்து விதிவிலக்குகள் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. பொது ஊழியரின் செயலைப் பற்றி, பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்டதைப் பற்றி, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நூலையோ நடிப்பையோ பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ‘நல்லெண்ணத்துடன்’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. உரிய கவனம் இல்லாமல் சொன்னதை நல்லெண்ணம் என்று அதே சட்டம் ஏற்பதில்லை. ‘என் கருத்து’ என்று முன்னால் ஒட்டிவிட்டால் பழி போகாது; எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்பார்கள். பவணந்தியாரும் அதைத்தான் கேட்டார்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று எழுதும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் இருப்பதால். தன்னைத் தானே படர்க்கையில் சொல்லிக்கொள்வது. ‘என்ப’ மரபின் கடைசி வாரிசு என்று அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘என்ப’ என்றவர் முன்னோரைக் காட்டினார். இவர் தன்னையே அயலாராகக் காட்டுகிறார். ‘நான் கருதுகிறேன்’ என்று எழுதுங்கள். எழுதினால் அடுத்த வரியில் ஏன் என்று எழுதவேண்டிய நெருக்கடி தானாக வரும்.

இவ்வளவும் பொதுக்காரியங்களுக்கு. வீட்டுக் காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முன்பெல்லாம் “பொண்ணு என்ன சொல்லுது?” என்று கேட்டால், “அதுக்கென்ன தெரியும், நம்ம சொல்றதுதான்” என்று யாராவது பெரியவர் பதில் சொல்லிவிடுவார். பெண்ணிடமே கேட்டாலும் “உங்க இஷ்டம்ப்பா” என்பதோடு முடிந்தது. இப்போது இதே வட்டாரத்து வீடுகளில், கல்லூரிக்குப் பேருந்து ஏறிப் போய்வருகிற பெண், தலையை நிமிர்த்தாமலே “என்னைப் பொறுத்தவரைக்கும் இது வேண்டாம்ப்பா” என்கிறாள். ஆங்கிலத் தாக்கத்தில் புழக்கம் கூடிய தொடர் என்று தமிழாசிரியர்கள் குறைப்படலாம். அந்தப் பெண்ணுக்கு ‘எனக்கென்ன தெரியும்’ சுங்கம் கட்டாமல் உள்ளே வர அதுதான் உதவியது. அப்பா உடனே, “ஏன்டா, பையனுக்கு என்ன குறை?” என்கிறார். இவ்வளவு நேரம் காரணம் காரணம் என்று உங்களைப் படுத்தினேன். இந்த ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.